வலது பக்கம் மட்டும்

அக்டோபர் 5, வியாழன்

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்துவிடலாம் என்று பாட்டிலோடு மாடிக்குப் போனேன். அடிப்பதற்கு முன் லென்ஸை வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெள்ளைக் கூட்டத்தில் நாலைந்து மட்டும் பெரிதாக இருந்தன. உடம்பெல்லாம் நூல் நூலாக மெழுகு, விறுவிறுவென்று நடை. மாவுப்பூச்சிக்கு ஏது இவ்வளவு வேகம்? அவை பொறிவண்டின் குஞ்சுகள். மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, மாவுப்பூச்சியையே தின்கின்றன. போன வருஷம் இதே குஞ்சுகளைப் 'பெரிய மாவுப்பூச்சி' என்று தேடித் தேடி நசுக்கியவள் நான். உதவிக்கு வந்தவனை அடித்துவிட்டுத் திருடனை விட்டிருக்கிறேன்.

பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

லென்ஸ் இவருடையது. செல்போன் சர்வீஸ் கடைக்கு லைட் வைத்த புது லென்ஸ் வாங்கியதும் பழையது எனக்கு வந்தது. "நான் இதுல சிப்போட காலைப் பாத்தேன், நீ பூச்சியோட காலைப் பாரு" என்று சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் மாடியில் இருந்தால் கீழே டம்ளர் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படுகிறது.

தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ஆரி வேலை ஜாக்கெட் இன்னும் பதினொன்று பாக்கி.

அக்டோபர் 7, சனி

பச்சைச் சிலந்தி முட்டைப் பை கட்டிவிட்டது! செம்பருத்தியின் மேல் கிளையில் மூன்று இலைகளை இழுத்துச் சேர்த்து, நடுவில் கோலிக்குண்டு அளவில் வைக்கோல் நிறப் பை. அதைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. இது வலை கட்டும் ஜாதி இல்லை. பூவில் ஒளிந்திருந்து, வருகிற ஈயைப் பாய்ந்து பிடிக்கும். பூவை விட்டு வந்தாயிற்று, இனி குஞ்சு வெளியே வரும்வரை பெரும்பாலும் பட்டினிதான்.

விரலைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன். ஓடவில்லை. முன்கால்களைத் தூக்கிக்கொண்டு என் விரலை நோக்கி இரண்டு அடி வந்தது. பின்வாங்கியது நான்தான்.

மாடியிலிருந்து இறங்கினால் டீ ஆறிப்போயிருந்தது. "பாயைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டே போயிரேன்" என்றார் இவர். மழை விட்டால் போகிறேன் என்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

எலுமிச்சையில் ஒரு கறுப்பு எறும்பு தனியாக நடந்தது. எறும்பு தனியாக நடக்குமா என்று சந்தேகப்பட்டுக் காலை எண்ணினேன். எட்டு. எறும்பு வேஷத்தில் ஒரு சிலந்தி, முன்னங்கால் இரண்டையும் எறும்புக் கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு. எறும்பென்றால் எந்தக் குருவியும் சீண்டாதாம். என்ன நடிப்பு! கால் எண்ணாதவர்கள் எல்லாரும் ஏமாறுவார்கள்.

இவருக்குத் தலையில் வலது பக்கம் சீப்புப் பட்டாலே எரிகிறதாம். சீப்புப் பல் உடைந்திருக்கும். வேறு வாங்க வேண்டும்.

அக்டோபர் 10, செவ்வாய்

மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்க இவர் மாடிக்குப் போனார். எலுமிச்சைக்கும் கொடிக்கும் நடுவே பெருக்கல் குறி போட்டு வலை கட்டுவாளே ஒருத்தி, அந்த வலை இவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டதென்று ஒரே சத்தம். அழகான வலை, வீணாகப் போயிற்று. தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். தைலம் தேய்க்கப் போனால் "தொடாத, எரியுது" என்கிறார்.

அக்டோபர் 11, புதன்

காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டார். வலது நெற்றியில், புருவத்துக்கு மேலே, சிவந்த திட்டு. அதன்மேல் கடுகு கடுகாகக் கொப்புளம்.

"பாத்துக்க. உன் எட்டுக்கால் பூச்சி பண்ணுன வேலை."

"எட்டுக்கால் பூச்சி இப்புடியெல்லாம் பண்ணாதுங்க."

"நேத்துதான நூலாம்படை ஒட்டுச்சு? இன்னைக்கு வந்துருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

"உங்களுக்கு எரிச்சல் திங்கக்கெழமையே இருந்துச்சே. வலை ஒட்டுனது செவ்வாக்கெழமை. ஒட்டுறதுக்கு முந்தியே கடிச்சுருச்சா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வாதத்தில் நான் ஜெயித்தேன்.

பெருக்கல்காரி புது வலை கட்டிவிட்டாள். பழையதைவிட ஒரு சாண் உயரத்தில்.

அக்டோபர் 12, வியாழன்

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு வேலை செய்யவில்லை. கொப்புளம் முடிக்குள்ளும் ஏறிவிட்டது. வலது இமை தடித்திருக்கிறது. கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்துவிட்டார்.

அவர் வந்த பத்தாவது நிமிஷம் மதினியும் வந்துவிட்டார். மதினி இந்திராணி இவருக்கு அக்கா, நாலு தெரு தள்ளி வீடு. தம்பிக்குத் தும்மல் வந்தால் அங்கே கஷாயம் கொதிக்கும்.

"எட்டுக்கால் பூச்சி ஊந்துன எடத்துல அக்கி கெளம்பும். எத்தன பேருக்குப் பாத்திருக்கேன்! ஏ தமயந்தி, மாடியில என்ன காடா வளக்குற? அம்புட்டையும் மொதல்ல வெட்டி எறி."

எனக்குச் சுர்ரென்று வந்தது. மாடிக்குப் போய்ப் பெருக்கல்காரியை ஒரு டம்ளரில் பிடித்து இறக்கி, அவர்கள் கண் முன்னால் என் வலது கையில் விட்டேன். மதினி நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டார். சிலந்தி மணிக்கட்டு வரைக்கும் நடந்து, நூலை விட்டுத் தரைக்கு இறங்கப் பார்த்தது. பாவம், அதற்கு எங்கள் வழக்கு எதுவும் தெரியாது.

"நாளைக்கு என் கையைப் பாருங்க மதினி. ஒண்ணும் வராது."

இவர் வலது கண்ணைப் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்.

மாலையில் சிலந்தியைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போதுதான், மாடி ட்யூப் லைட்டுக்குக் கீழே சுவரில் அதைப் பார்த்தேன். எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் செம்மஞ்சளும் பட்டை பட்டையாக ஒரு வண்டு. மழைக்குப் பிறகு விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் நசுங்கினால் அதன் சாறு பட்ட இடம் வெந்து கொப்புளிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் என் கழுத்தில் பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை இவர் இந்த லைட்டுக்குக் கீழே நின்றுதான் நெற்றியைத் துடைத்தார்.

லைட்டை அணைத்துவிட்டு இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வண்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன் என்று எழுத வந்தேன். அது பொய். இடது முழங்கையின் உள்பக்கம் வைத்து நசுக்கிவிட்டேன். இதுதான் செய்தது என்றால் என் தோலிலும் அதே மாதிரி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 13, வெள்ளி

அக்கி எழுத வேளார் வந்தார். பானை செய்கிறவர், அமைதியான மனிதர். காவியைக் குழைத்துக் கோழி இறகால் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் எழுதினார். இவர் முகம் பாதி சிவப்பாகிவிட்டது. மூன்று நாள் எழுத வேண்டும், குளிக்கக் கூடாது, தாளிப்பு வாசனை ஆகாது.

கையைக் கழுவிக்கொண்டே வேளார் சொன்னார்: "கண்ணு பக்கம் வந்துருக்கேம்மா. ஆஸ்பத்திரியிலயும் ஒரு வார்த்த காட்டிப்புடுங்க."

"அக்கி எழுதிட்டு ஊசி போடக்கூடாதுன்னு நீங்கதான வேளாரே சொல்லுவீக?" என்றார் மதினி.

"சொல்லுவாக தாயி. இருந்தாலும் கண்ணுல்ல."

அவர் போன பிறகு அடுப்படியில் மதினியோடு ஒரு பேச்சு நடந்தது. விவரமாக எழுதும்படி ஒன்றுமில்லை. செடிகள் இருக்கட்டும் என்று மதினி ஒத்துக்கொண்டார். மூன்று நாள் அக்கி எழுதி முடியட்டும், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மகன் குமரகுரு ஓசூரிலிருந்து கூப்பிட்டான். "காட்டுனீங்களாம்மா?" என்றான். காட்டியாச்சு என்றேன். யாரிடம் என்று அவன் கேட்கவில்லை.

வலது கையில் சிலந்தி நடந்த இடம் சுத்தமாக இருக்கிறது. மதினி பார்த்துவிட்டு, "ஒன் ஒடம்பு வேற" என்று சொல்லிவிட்டார்.

இடது முழங்கையை முந்தானையால் மூடி வைத்திருக்கிறேன். எரிய ஆரம்பித்திருக்கிறது.

அக்டோபர் 14, சனி

இரண்டாவது எழுத்து முடிந்தது. கண் முழுக்க மூடிவிட்டது. வெளிச்சம் குத்துகிறது, விளக்கைப் போடாதே என்கிறார். காவி காய்ந்து இழுப்பதால் இருக்கும் என்று ஜன்னலில் போர்வை கட்டினேன்.

என் முழங்கை இன்று பேசிவிட்டது. வண்டு நசுங்கிய இடத்தில் தீக்குச்சியால் இழுத்த மாதிரி சிவந்த கோடு, அதன் நடுவில் மஞ்சளாகச் சீழ். கையை மடக்கி வைத்திருந்ததால் எதிர்ப் பக்கத் தோலிலும் அதே கோடு அச்சாகப் பதிந்திருக்கிறது. இவருடையது அப்படியில்லை. கொத்துக் கொத்தாக, உள்ளே தண்ணீர் நிறைந்த மணிகள். இரண்டும் ஒன்றே இல்லை!

வண்டு இல்லை. சிலந்தி இல்லை. என் மாடி எந்தத் தப்பும் செய்யவில்லை.

எத்தனை நாளைக்கப்புறம் மனசு லேசாயிற்று. ஒரே மூச்சில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்து முழுக்க முடித்துவிட்டேன். அறையில் இவர் முனகிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வேளார் வருவதற்கு முன் மதினியிடம் காட்டி வாயை அடைக்க வேண்டும் என்று இந்த நோட்டில் என் முழங்கையை வரைந்தேன். பக்கத்திலேயே இவர் முகத்தையும் வரைந்துவிட்டால், இது வேறு அது வேறு என்று யாருக்கும் தெரியும். போர்வையை விலக்கி, இவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, லென்ஸை எடுத்துக்கொண்டேன். பூச்சியை வரைவதுபோலவேதான். முதலில் நடுக்கோடு, அப்புறம் இரண்டு பக்கமும்.

வலது பக்கக் கொப்புளங்களைக் காவிக்கு ஊடே எண்ணி எண்ணி வைத்தேன். இருபத்தாறு. இடது பக்கத்துக்கு வந்தேன். வைக்க ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை. தலைமுடியிலிருந்து மூக்குவரை, நடுக்கோட்டைத் தொட்டதும் சுவர் எழுப்பினது போல நின்றிருக்கிறது. எனக்குக் கை நின்றுவிட்டது. மேலே ஊர்ந்துபோகிற எதற்கும் மனிதன் நெற்றியில் நடுக்கோடு எங்கே என்று தெரியாது. இது வெளியிலிருந்து வந்ததே இல்லை, உள்ளேயிருந்து வந்திருக்கிறது. மூக்கு நுனியிலும் வலது பக்கமாக ஒரு புதுக் கொப்புளம் இருந்தது.

இமையை விரலால் பிரித்தேன். கண் ரத்தமாக இருந்தது.

"என்ன தெரியுது?"

ஐந்து நாளில் இந்தக் கேள்வியை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஆவி அடிச்ச கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். "உன் முகம் எங்க இருக்குன்னு தெரியுது. மூக்கு கண்ணு தெரியல."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு பூச்சிக்கும் கால் எண்ணியிருக்கிறேன். இந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். சோப்புப் போட்டுக் காவியைக் கழுவ ஆரம்பித்தேன். மதினி உள்ளே வந்தார்.

"என்னடி பண்ற? மூணாவது எழுத்து பாக்கி கெடக்கு. பாதியில விட்டா கண்ணு போயிரும்டி!"

"போய்க்கிட்டு இருக்கு மதினி. வழிய விடுங்க."

"எந்தம்பிக்கு எதுனா ஒண்ணு ஆச்சு…"

"ஆயிருச்சு. நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணுனோம். ஆட்டோவக் கூப்பிடுங்க."

அவர்தான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தார், செருப்பில்லாமல்.

கண் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை அவசரப் பிரிவு மட்டும் இருந்தது. சின்ன வயது டாக்டரம்மா. பார்த்த உடனே மூக்கு நுனியைத்தான் கவனித்தார்.

"சின்ன வயசுல இவருக்கு அம்மை போட்டுச்சா?"

"ஆறு வயசுல" என்றார் மதினி.

"அந்தக் கிருமி போகாதும்மா. நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும். எப்பயாச்சும் முழிச்சா, அந்த ஒரு நரம்பு போற பக்கம் மட்டும் கெளம்பும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புதான். நீங்க அக்கின்னு சொல்றீங்கள்ல, அது இதுதான்."

ஆக மதினி சொன்ன பெயர் சரியாகவே இருந்திருக்கிறது. காரணமும் வைத்தியமும்தான் தப்பு. நான் சொன்னதில் எது சரி? இது இல்லை, இது இல்லை என்பது மட்டும்.

"கொப்புளம் மொதல்ல பாத்தது என்னைக்கு? சரியான தேதி வேணும்."

நோட்டு என் பையில் இருந்தது. மனசுக்குள் 'வெள்ளிக்கிழமை' என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளிக்கிழமை என்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நோட்டைத் திறந்தேன்.

"பதினொண்ணாம் தேதி காலையில. எரிச்சல் ஒம்பதாம் தேதியே இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கொப்புளம் வந்து மூணு நாளைக்குள்ள மாத்திர ஆரம்பிச்சா நல்லாக் கேக்கும். நேத்து வந்திருந்தாக்கூட…" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி. இப்பவே ஆரம்பிச்சிருவோம்" என்றார்.

நேற்றுதான் நான் சந்தோஷமாக ஜாக்கெட் கழுத்து முடித்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து தடவை. சொட்டு மருந்து மணிக்கு ஒருமுறை. களிம்பு படுக்கும்போது.

அக்டோபர் 18, புதன்

நாலு நாள் கழித்து மாடிக்குப் போனேன். அரிவாள்மனையை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை அடுப்படியில் நடந்த பேச்சு இதுதான். மதினி, "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு எந்தம்பிய இழுக்காத. நீ சும்மா இருந்தா ஒன் செடியையும் நான் தொடமாட்டேன்" என்றார். எனக்கு வேளார் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் சரி என்றேன். எட்டுப் பத்துத் தொட்டிக்காகச் சரி என்றேன். அது மட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் போய் டாக்டர், 'ஆமாம், வண்டுதான்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. என் முழங்கை பதில் சொல்லும்வரை இவர் கண் காத்திருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இப்படி ஒரு பெண்டாட்டி இருப்பாளா?

செம்பருத்தியை அடியோடு வெட்டுவதென்று குனிந்தேன். பச்சைச் சிலந்தி அங்கேயேதான் இருந்தது. மூன்று நாள் மழையில் இலை கிழிந்து ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வயிறு ஒட்டி, பாதி உடம்பாகியிருக்கிறது. பையின் நனைந்த பக்கத்தில் புது நூல் போட்டிருக்கிறது. என் நிழல் பட்டதும் முன்கால்களைத் தூக்கியது. இதன் மேல் எனக்கு என்ன கோபம்? இது யாரையும் கெடுக்கவில்லை. கெடுத்தது நான். வெட்டுவதும் என் மேலிருக்கும் பழியை மறுபடி இதன் மேல் போடுவதுதான்.

அரிவாள்மனையைக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தேன். அடுப்படியில் மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வெட்டிட்டியா?" என்றார். "இல்ல மதினி" என்றேன். "விடு, அதுக என்ன பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 20, வெள்ளி

கொப்புளங்கள் பொருக்குத் தட்டுகின்றன. வலி குறையவில்லை. விசிறிக் காற்றுப் பட்டால்கூட நெற்றியில் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். சீக்கிரம் முடிக்க வேண்டிய மூன்று ஜாக்கெட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கடையைத் திறந்து பூஜை மட்டும் போடலாம் என்று கூட்டிப்போனேன். கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து சால்டரிங் கம்பி, ட்வீசர், லென்ஸ் எல்லாவற்றுக்கும் தானே பொட்டு வைத்தார். லென்ஸுக்கு வைத்த பொட்டு மேஜையில் இருந்தது.

துடைத்துவிட்டு நானே வைத்தேன். இவர் கவனிக்காத மாதிரி இருந்தார்.

அக்டோபர் 27, வெள்ளி

லென்ஸை இடது கண்ணில் வைத்துப் பழகுகிறார். இருபது வருஷமாக வலது கண்ணில் வைத்தவர். பத்து நிமிஷத்தில் தலை சுற்றுகிறது என்று எடுத்துவிட்டார்.

நவம்பர் 3, வெள்ளி

இன்று டாக்டரம்மா எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். இடது கண் கடைசி வரிவரை போனது. வலது கண்ணால் மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்துதான்.

"கருவிழியில தழும்பு விழுந்திருச்சு. சொட்டு மருந்த விடாம போடுங்க, இன்னும் கொஞ்சம் தெளியும். ஆனா முன்ன மாதிரி நுணுக்கமான வேலைக்கு இந்தக் கண்ண நம்ப முடியாது."

"செல்போன் வேலை, டாக்டர்" என்றார் இவர். "சிப்பு காலு முடி மாதிரி இருக்கும்."

"இடது கண்ணு நல்லா இருக்கே."

"இருக்கு" என்றார்.

மதினி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இவர்தான் சொன்னார். "நீ அழுகாதக்கா, ஒரு கண்ணு இருக்குல்ல" என்றார்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் சொட்டு மருந்து போட்டுவிட்டு எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டாக்டர்கிட்ட தேதி பாத்துச் சொன்னியே, ஒரு நோட்டு. அத எடு."

"அது பூச்சி நோட்டுங்க."

"தெரியும். மொதல்ல இருந்து வாசி. ரெண்டு கண்ணும் ஒத்துப்போகாம எனக்கு எழுத்து குழம்புது."

வாசித்தேன். மாவுப்பூச்சி, பச்சைச் சிலந்தி, எறும்பு வேஷம். சீப்பு. அந்த இடத்தில் 'ம்' என்றார். வண்டை முழங்கையில் நசுக்கியதை வாசித்தபோது என் கையை இழுத்து இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தழும்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பதிமூன்றாம் தேதிப் பக்கம் வந்தது. ஒரு பத்தியைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தெரியவா போகிறது? எழுத்துதான் குழம்புகிறதே. அப்படி நினைத்த என்னை நானே வெறுத்துக்கொண்டு முழுதும் வாசித்தேன். பதினெட்டாம் தேதியையும் வாசித்தேன், ஒரு சொல் விடாமல். முடித்து நோட்டை மூடினேன்.

"அடுப்படியில நீங்க பேசுனப்ப நான் தூங்கல" என்றார்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து 'எனக்கு ஆஸ்பத்திரி போகணும்'னு சொல்லியிருக்கலாம். என் வாயை யாரும் கட்டலையே. வியாழக்கெழமையே கண்ணு மங்க ஆரம்பிச்சுருச்சு. ஒரு கண்ணப் பொத்திப் பொத்திப் பாத்தேன். வெள்ளிக்கெழம இன்னும் மோசம்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா கண்ணும்பாங்க. கண்ணுன்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்பறம் கடை என்னாகும்? பூச்சின்னா தேவல. பூச்சின்னா மருந்தத் தடவுனா போயிரும், உன்னத் திட்டுனா போயிரும்." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்குப் பூச்சி பண்ணியிருக்கக் கூடாது. எனக்குப் பூச்சிதான் பண்ணியிருக்கணும். நடுவுல அக்கா மாட்டிக்கிச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதலா கோபமா என்று தெரியாத அழுகை. மூன்று வாரமாக நான் மட்டுமே தூக்கிக்கொண்டு அலைந்ததில் பாதி இவரிடம் இருந்திருக்கிறது. வாயைத் திறந்திருக்கலாமே என்று அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"பதிமூணாந் தேதிப் பக்கத்தை எடு" என்றார். "கீழ எடம் இருக்கா?"

"ரெண்டு வரிக்கு இருக்கு."

"எழுது. எனக்கும் அன்னைக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. நான் சொல்லல."

எழுதினேன்.

"குடு, கையெழுத்துப் போடுறேன். உன் பேரு மட்டும் இருந்தா நல்லால்ல."

பேனாவை வாங்கி, இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குனிந்து போட்டார். நிமிர்ந்து, "கோட்டு மேலதான இருக்கு?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன்.

"இல்லைங்க. கீழ எறங்கி, நான் எழுதுனதுக்கு மேலயே விழுந்துருச்சு."

தலையை ஆட்டினார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கோடு எங்கே இருக்கிறதோ அங்கே வைக்கச் சொன்னார். வைத்தேன். விரலை ஒட்டியே பேனாவை நகர்த்தி, மெதுவாக, முழுப் பெயரையும் போட்டார். சௌந்தரபாண்டியன். நேராக வந்திருந்தது. என் நகத்தில் கொஞ்சம் மை பட்டிருக்கிறது.